பந்தைக் கையில் எடுத்தவள்

அந்தக் கல்லூரியின் பெண்கள் கால்பந்து அணிக்கு மற்ற கல்லூரிக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'லீவு நாள்'. அவர்களோடு ஆட்டம் என்றால் எதிரணி நல்ல ஆட்களை உட்கார வைத்துவிட்டு மிச்சமிருப்பவர்களை இறக்கும். அப்படியும் ஜெயித்துவிட்டுப் போகும். ஆண்கள் பயிற்சி முடித்துக் கிளம்பிய பிறகுதான் இவர்களுக்கு மைதானம். அதற்குள் கோலுக்கு முன்னால் இருக்கும் இடம் எருமை புரண்ட குட்டைபோல ஆகியிருக்கும்.

அந்த வருஷம்தான் புது கோச் வந்தார். வந்த முதல் நாளே ஆண்கள் அணியின் பயிற்சியாளரிடம் போய், "பாதி கிரவுண்ட் எங்களுக்கு. இல்லன்னா நடுவுல வந்து படுத்துக்குவோம்" என்றார். பாதி மைதானம் கிடைத்தது. யாரும் தங்களுக்காகச் சண்டை போட்டுப் பார்த்திராத பெண்கள் அன்றே அவருக்கு அடிமையாகிவிட்டார்கள்.

டிஃபன்ஸில் நடுவில் ஆடும் உயரமான பெண்ணை அவர்தான் கேப்டன் ஆக்கினார். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சித்தி, "இங்கயும் நீதான அதிகாரம் பண்ற, புதுசா என்ன?" என்றாள். அன்றிலிருந்து வீட்டிலும் கேப்டன் என்பதே பேராகிவிட்டது. அம்மா வெளிநாட்டில் வேலை பார்த்தாள். கேப்டனை வளர்த்தது சித்திதான். ஒரு துணி ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கும் வேலை. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் புடவையிலிருந்து நூல் பிசிறாக உதிரும்.

சித்தியின் மகள் கேப்டனுக்கு ஒரு வயது இளையவள். அவள்தான் அணியின் கோல்கீப்பர். சின்ன உடம்பு, நீளக் கை. கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஒட்டிக்கொண்டே ஓடுவாள் என்பதால் பல்லி என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயரில் பெருமைதான். "பல்லி விழுந்தா பலன் உண்டு" என்று எதிரணி ஃபார்வர்டுகளிடம் சொல்லிவிட்டு அவர்கள் காலடியில் பாய்ந்து விழுவாள்.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் டிரா. அதற்கே கிரவுண்டில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்புறம் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். வலது பக்கம் ஓடுகிற பெண்ணுக்குக் 'கரண்ட்' என்று பெயர். எப்போது வரும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கோச் கையில் அவளே ஒழுங்காக வர ஆரம்பித்தாள். சரக்கு உள்ளவர் அவர். ஒவ்வொருத்தியின் கால் எப்படித் திரும்புகிறது என்பதுவரை பார்த்து வைத்திருந்தார். கல்லூரி வாசலில் பேனர் வந்தது. முன்பு இவர்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் பிரின்சிபால் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

லீக்கின் கடைசி ஆட்டத்தில்தான் அது நடந்தது. ஜெயித்தால் செமி ஃபைனல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். பல்லி வழக்கம்போல அவள் காலடியில் பாய்ந்தாள். பந்து கைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் முழங்கால் பல்லியின் நெற்றிப்பொட்டில் இடித்தது. தேங்காயைத் தரையில் போட்ட மாதிரிச் சத்தம்.

கேப்டன் ஓடிப்போய்த் தூக்கினாள். பல்லி கண்ணைத் திறந்து, "நம்ம கோல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"கோச், இவளை மாத்துங்க" என்று கேப்டன் கத்தினாள்.

கோச் பாட்டிலோடு வந்து பல்லியின் முகத்தில் தண்ணீர் அடித்தார். விரலைக் காட்டினார். "எத்தனை?"

"ரெண்டு."

"பார்த்தியா? நல்லா இருக்கா. அடிபடாத கீப்பர் கீப்பரே இல்ல" என்று சிரித்தார். பல்லியும் சிரித்தாள். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டியைத் தடுத்தாள். செமி ஃபைனலுக்குப் போனார்கள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றினார்கள். கரண்டின் தோளில் உட்கார்ந்திருந்தபடியே பல்லி வாந்தி எடுத்தாள். சந்தோஷத்தில் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த நாள் காலை பல்லி ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் கிடந்தாள். வெளிச்சம் ஊசி மாதிரி குத்துகிறது என்றாள். பல் தேய்த்துவிட்டு வந்து, மறுபடி பல் தேய்க்கப் போனாள். சித்தி வேலைக்குக் கிளம்பிய பிறகு கேப்டன் அவளைக் கல்லூரி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பல்லி சாய்ந்தாள்.

"மூளை குலுங்கியிருக்கு. தலைவலி சுத்தமா போற வரைக்கும் கிரவுண்ட் பக்கமே போகக்கூடாது. இந்த நிலைமைல இன்னொரு அடி பட்டா, சின்ன அடியா இருந்தாலும், என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

வெளியே வந்ததும் பல்லி கேப்டனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. சொன்னா இந்த ஜென்மத்துக்கு என்னை பந்தைத் தொட விட மாட்டா."

"சரி. ஆனா செமில நீ ஆடல."

"ஆடல."

அதை நம்பித்தான் கேப்டன் வீட்டில் வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கோச்சிடம் போய் டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர் வலையின் கிழிசலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. இருமினா கூட ஒரு வாரம் படுங்கன்னு சொல்வாங்க. நான் ஆடும்போது விலா எலும்பு உடைஞ்சு ஆடியிருக்கேன்."

"இது விலா இல்ல கோச், தலை."

"கோலுக்கு யாரை நிக்க வைக்கறது? ஸ்டெப்னியையா?"

ஸ்டெப்னி என்பது மாற்று கோல்கீப்பர். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற முதல் வருஷப் பெண். சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டியதுதான் அவள் ஆடிய ஆட்டம்.

"தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றாள் கேப்டன்.

இப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "நீ கேப்டனா, இல்ல அவளுக்கு ஆயாவா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டு வா."

கேப்டனுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது. நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனாள். அவர் கேட்டுவிட்டு, "பார்ப்போம்மா, கோச்கிட்ட பேசறேன்" என்றார். அவர் மேஜையில் அடுத்த பேனருக்கான படம் விரித்திருந்தது. அதில் நடுவில், அவருக்குப் பக்கத்திலேயே, கையை விரித்துக்கொண்டு பல்லி நின்றாள். அவர் பேசப் போவதில்லை என்பது கேப்டனுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

செமி ஃபைனல் அன்று காலை உடை மாற்றும் அறையில் பல்லி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?" என்றாள் கேப்டன்.

"மேட்சுக்கு ரெடியாகறேன்."

"ஆடலன்னு சொன்னியே."

பல்லி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் இல்லை. "எப்ப சொன்னேன்?"

"டாக்டரைப் பார்த்துட்டு வெளிய வந்து."

"எந்த டாக்டர்?" என்றாள் பல்லி.

கேப்டன் திரும்பி, வாசலில் வந்து நின்ற கோச்சைப் பார்த்தாள். "கேட்டீங்களா? டாக்டரைப் பார்த்ததே இவளுக்கு ஞாபகமில்ல."

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் பல்லி அவசரமாக. "நான் நல்லாத்தான் இருக்கேன் கோச்."

"அவளே சொல்றா. அப்புறம் நீ யாரு?" என்றார் கோச், எல்லோருக்கும் கேட்கும்படி.

கரண்ட் எழுந்து வந்தாள். "விடுங்கக்கா. இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப போய் ஏன் சகுனத்தடை மாதிரி நிக்கறீங்க?" மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரும் கேப்டன் பக்கம் பேசவில்லை. வெளியே கூட்டம் கைதட்டுவது கேட்டது. கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள்.

ஆட்டம் தொடங்கியது. கேப்டன் அன்று ஆடியது கால்பந்தே அல்ல. எதிரணி யாரையும் கோலுக்குக் கிட்டே விடக் கூடாது என்று பேய் பிடித்தவள்போல ஓடினாள். நெஞ்சில் வாங்கினாள், முதுகில் வாங்கினாள். கோச் ஓரத்தில் நின்று, "அப்படித்தான்! அதுதான் கேப்டன்!" என்று கத்தினார். அந்தப் பாராட்டு அவளுக்கு எச்சில் துப்பியதுபோல இருந்தது.

இரண்டாம் பாதியில் பந்து அவள் தலைக்கு மேலே போய்விட்டது. கோலுக்கு முன்னால் ஒரே ஒரு முறை தரையில் பட்டு எழும்பியது. எதிரணியின் மிகப் பெரிய பெண், தோளைச் சாய்த்துக்கொண்டு, லாரி மாதிரி வந்தாள். பல்லி கோலை விட்டு வெளியே வந்தாள். தலையை முன்னால் நீட்டி, குனிந்து, பாய்வதற்குத் தயாரானாள்.

கேப்டன் யோசிக்கவில்லை. குறுக்கே புகுந்து பந்தை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. மைதானமே வாயைப் பிளந்து நின்றது. சொந்த கோலுக்கு முன்னால், பெனால்டி கட்டத்துக்குள், காலில் ஆட வேண்டிய டிஃபண்டர், பந்தைக் குழந்தையைப்போலக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ரெஃபரி மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டுப் பெனால்டி புள்ளியைக் காட்டினாள். கரண்ட் ஓடிவந்து கேப்டனின் சட்டையைப் பிடித்தாள். "பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

கேப்டன் அவளைத் தள்ளிவிட்டு ரெஃபரியிடம் போனாள். "எங்க கீப்பருக்குத் தலையில அடி. டாக்டர் ஆடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீங்களே அவகிட்ட ஏதாவது கேளுங்க."

ரெஃபரி பல்லியிடம் போனாள். "எந்த காலேஜோட ஆடறீங்க?"

பல்லி எதிரணியின் சட்டையைப் பார்த்தாள். கேப்டனைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கடைசியில், லீக்கில் ஆடிய ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

"வெளிய போம்மா" என்றாள் ரெஃபரி மெதுவாக. கோச்சின் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு திரும்ப உள்ள வந்தா ஆட்டத்தையே நிறுத்திடுவேன்" என்றாள். அது மெதுவாக இல்லை.

ஸ்டெப்னி கோலுக்கு வந்தாள். பெனால்டி கோலானது. கோச் கேப்டனையும் வெளியே எடுத்தார். அந்த ஒரு கோலில் தோற்றார்கள். பஸ்ஸில் கேப்டன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பல்லி முன் சீட்டில் கோச்சின் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "எல்லார் முன்னாடியும் என்னை லூசு ஆக்கிட்டா" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

வீட்டில் சித்திக்கு எல்லாம் தெரிந்தது. முதல் அடி கேப்டனுக்குத்தான். பலமான அடி இல்லை, தோளில் ஒன்று. ஆனால் சித்தி அதற்கு முன் அவளை அடித்ததே கிடையாது.

"என் பொண்ணு தலை உடைஞ்சு கிடக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து என் சோத்தைத் தின்னுட்டு என்கிட்ட மறைச்சீங்களா? அவளுக்குத்தான் புத்தி கலங்கிப் போச்சு. உனக்கு என்ன கேடு?"

மறுநாள் சித்தி ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பிரின்சிபால் அறையில் கோச்சும் இருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். சித்தி உட்காரவில்லை.

"அம்மா, உங்க வருத்தம் புரியுது" என்றார் கோச். "ஆனா நான் கட்டாயப்படுத்தல. உங்க பொண்ணே நல்லா இருக்கேன்னுதான் சொன்னா."

"குடிச்சவன்கிட்ட போய் வண்டி ஓட்டுவியாடான்னு கேட்டா, மாட்டேன்னா சொல்வான்?" என்றாள் சித்தி. "மூளை கலங்கினவகிட்ட போய், மூளை சரியா இருக்கான்னு கேட்டிருக்கீங்க. அவ சொன்னதும் சந்தோஷமா நம்பிட்டீங்க. ஏன்னா உங்களுக்கு அதுதான் வேணும்."

"நாங்க விசாரிக்கிறோம்" என்றார் பிரின்சிபால்.

"யாரை விசாரிப்பீங்க? இவ ஆட்டத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்து சொன்னாளாமே. உங்களை யாரு விசாரிக்கறது?"

விசாரணை நடக்கத்தான் செய்தது. அதன் முடிவு நோட்டீஸ் போர்டில் வந்தது. மைதானத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்காகக் கேப்டன் அணியிலிருந்து நீக்கப்பட்டாள். கோச்சைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. கேப்டன் அந்தத் தாளின் முன் நின்றாள். கிழித்துப் போடலாமா என்று யோசித்தாள். கிழித்தால் இன்னொரு தாள் ஒட்டுவார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்தே போனாள், வழியெல்லாம் எதிரே வந்தவர்களைக்கூட முறைத்துக்கொண்டு.

பல்லி அவளோடு பேசவில்லை. ஒரே அறையில் படுத்தார்கள். ஒரே பக்கெட்டில் துணி நனைத்தார்கள். "தண்ணி பிடிச்சாச்சான்னு அவங்களைக் கேளும்மா" என்று சித்தி வழியாகத்தான் பேச்சு. ஒருநாள் கேப்டனுக்குப் பொறுக்கவில்லை.

"என் மேல கோபப்படு. பரவாயில்ல. ஆனா அந்த ஆள் மேல ஒரு துளிகூட வரலியே உனக்கு?"

"அவர் என்னை நம்பினார்" என்றாள் பல்லி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "நீ நம்பல."

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கதவைத் தட்டியது ஸ்டெப்னி. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு பன் மாதிரி வீங்கி, நீலம் பாய்ந்திருந்தது.

"என்னாச்சு?" என்றாள் கேப்டன்.

"பிராக்டிஸ்ல கோச் ரொம்பக் கிட்ட நின்னுக்கிட்டு ஷாட் அடிச்சார்க்கா. என் பயம் போகணுமாம். விடாம அடிச்சார். இது இப்படி ஆயிடுச்சு. நாளைக்கு டேப் சுத்திக்கிட்டு நில்லுன்னு சொல்றார்." பேசும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்க்கா. எப்படி அப்படி சொன்னேன்னே தெரியல. அவர் கேட்கும்போது வேற பதிலே வாயில வரல."

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் இருட்டு அறையிலிருந்து பல்லி வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஸ்டெப்னியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறுவதைக் கேப்டன் பார்த்தாள்.

"இதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரா?" என்று பல்லி கேட்டாள்.

"ஆமா."

"நாசமாப் போறவன்" என்றாள் பல்லி. "நீ ஆடக்கூடாது."

மறுநாள் மூவரும் மைதானத்துக்குப் போனார்கள். பல்லி சித்தியின் பெரிய கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டிருந்தாள். வெயிலில் நடக்கும்போது கேப்டனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தடுமாறாமல் இருப்பதற்குத்தான், சமாதானம் என்று நினைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள்.

அணி வட்டமாக நின்றிருந்தது. கேப்டன் ஸ்டெப்னியின் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இவ இன்னிக்கு ஆடமாட்டா."

"உனக்கு இங்க வேலையில்ல" என்றார் கோச்.

"தெரியும். ஆனா இவளை இறக்கினீங்கன்னா நான் நேரா ரெஃபரிகிட்ட போவேன். போவேனா மாட்டேனான்னு உங்களுக்கே தெரியும்."

"அப்போ கோலுக்கு யாரு? வெறும் கம்பத்தை நட்டுட்டு ஆடறதா?"

"நான் நிக்கறேன்."

கோச் சிரித்தார். கரண்ட் அந்த வீங்கிய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தொண்டையைச் செருமினாள். "கோச், அக்கா நிக்கட்டும். இல்லன்னா நானும் ஆடல." இன்னொருத்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லோரும் வரவில்லை. ஆனால் ஆட்டம் நடக்காமல் போவதற்கு அவ்வளவு பேர் போதும்.

கோச் கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரின்சிபாலைப் பார்த்தார். "என்னவோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கேப்டனுக்குக் கோல்கீப்பிங்கில் அரிச்சுவடிகூடத் தெரியாது. முதல் கோல் அவள் கால்களுக்கு நடுவில் புகுந்தது. அப்போதுதான் வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலை என்ன கதவு மாதிரி திறந்து வச்சிருக்க? மூடு!"

பல்லி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து ஆட்டம் முடியும்வரை வாயை மூடவில்லை. முன்னால் போ என்றாள், பின்னால் வா என்றாள். "பந்தைப் பாரு, அவ மூஞ்சியை ஏன் பாக்கற? அவளைக் கட்டிக்கவா போற?" என்று கத்தினாள். கழுதை, தடிமாடு, தூணு என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னாள். ஒரு தடவை கேப்டன் திரும்பி, "தலை வலிக்கும்டி, கத்தாத!" என்றாள். அந்த நேரத்தில் இரண்டாவது கோல் விழுந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டு.

கரண்ட் ஒரு கோல் போட்டாள். கடைசியில் அவர்கள் தோற்றார்கள்.

அந்த வருஷ முடிவில் கோச்சுக்கு இன்னும் பெரிய கல்லூரியில் வேலை கிடைத்தது. வழியனுப்பு விழாவில் பிரின்சிபால் அவரை இந்த மண்ணின் வைரம் என்றார். கேப்டனும் பல்லியும் போகவில்லை. பல்லியின் தலைவலி மழைக்காலம் முடியும்வரை இருந்தது. அவள் மறுபடி கோலுக்கு நிற்கவே இல்லை. டாக்டர் நிற்கலாம் என்று சொன்ன பிறகும், பந்து முகத்துக்கு நேராக வந்தால் கண் தானாக மூடிக்கொண்டது. அந்தக் கோபம் கேப்டனுக்கு ஆறவில்லை. பேப்பரில் அந்த ஆளின் புதிய அணி ஜெயித்த செய்தி வந்தால், அந்த அணியின் கோல்கீப்பர் யார் என்று முதலில் தேடிப் பார்ப்பாள்.

ஆனால் தோற்ற அன்று அதெல்லாம் தெரியாது. பஸ்ஸில் கேப்டன் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து, சட்டை முழுக்கச் சேறாக உட்கார்ந்திருந்தாள். பல்லி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து விழுந்தாள்.

"ரெண்டாவது கோல் இருக்கே" என்று ஆரம்பித்தாள், "அது கோலா? பால்காரன்கூட ஒரு கையால பிடிச்சிருப்பான்."

"நீ கத்தினதாலதான் விட்டேன்."

"நான் கத்தலன்னா பத்து விட்டிருப்ப. நகர்ந்து உட்காரு, நாறுது" என்றாள் பல்லி. பஸ் கிளம்பியது. அவள் அடுத்ததாக முதல் கோலைத் திட்ட ஆரம்பித்தாள்.